ரிஃப்பும் சோலோவும்: கிளாசிக் ராக், ப்ளூஸ் கிதார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராக், ப்ளூஸ் பதிவுகளைப் பற்றி நண்பர்களுடனும் கிதார் கற்கத் தொடங்கிய பிள்ளைகளுடனும் பேசும்போதெல்லாம் அதே ஐயங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் எனக்குப் பிடித்த பதிவுகள். ஆகவே தேர்வில் என் சொந்த விருப்பு வெறுப்பு கலந்தே இருக்கும்.

ரிஃப் என்கிறார்கள், சோலோ என்கிறார்கள். இரண்டுமே கிதார் வாசிப்பதுதானே, என்ன வித்தியாசம்?

ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறிய இசைத்தொடருக்கு ரிஃப் என்று பெயர். பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) நீளம்தான் இருக்கும். ஆனால் பாட்டின் பெயர் மறந்தவருக்கும் அது நினைவில் நிற்கும். பாடகர் சற்று ஒதுங்கிக்கொள்ள, கிதார் முன்னால் வந்து தனியாகப் பேசும் பகுதி சோலோ. ரிஃப்பை மாற்றி வாசித்தால் பாட்டே மாறிவிடும்; சோலோவை அன்றைய மனநிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ப்ளூஸில் பாடகர் ஒரு வரியைப் பாடி நிறுத்துவார். மீதமிருக்கும் இடத்தில் கிதார் அதற்குப் பதில் சொல்லும். அந்தப் பதில் ஒவ்வொரு முறையும் ஒரே வடிவில் வந்தால் அது ரிஃப் ஆகிறது. நீண்டு வளர்ந்து பாடகரின் இடத்தையும் எடுத்துக்கொண்டால் சோலோ ஆகிறது. ஒரு கிதார் பகுதியில் இந்தப் பதில் சொல்லும் குணம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் என் அளவுகோல், கீழே வரும் விடைகளிலும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும்.

கிதார் கடைக்குப் போனாலே யாராவது ஒருவர் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' வாசித்துக்கொண்டிருக்கிறார். அதில் அப்படி என்ன இருக்கிறது?

எளிமை முதல் காரணம். டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர் அமைத்த அந்த ரிஃப்பின் மேல் வரிசையில் நான்கே சுரங்கள் உள்ளன: ஜி, பி ஃப்ளாட், சி, நடுவில் ஒரே ஒரு முறை எட்டிப் பார்க்கும் டி ஃப்ளாட். ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நான்காம் இடைவெளியில் இன்னொரு சுரம் சேர்ந்தே ஒலிக்கிறது. கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால், மேலே உள்ளது ஷட்ஜம் என்றால் கீழே உள்ளது மந்திர பஞ்சமம். அந்தச் சேர்க்கைதான் இத்தனை சிறிய தொடருக்கு அவ்வளவு கனத்தைக் கொடுக்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இதைப் பிக் என்னும் சிறு வில்லையால் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் ஒரு தந்தி முன்னும் மற்றது மயிரிழை பின்னும் ஒலிக்கும். பிளாக்மோர் இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே கணத்தில் கிள்ளுகிறார். அடுத்த சுரம் வருவதற்கு முன் ஓசையை அடக்கியும் விடுகிறார். இடையில் விழும் அந்த மௌனங்கள்தான் ரிஃப்பை நடக்க வைக்கின்றன. அவற்றை நிரப்பிவிட்டால், சுரங்கள் சரியாக இருந்தும் பாட்டு தெரியாது. போதாததற்கு, ஜான் லார்ட் அதே ரிஃப்பை ஆர்கனில் கரகரப்பாக வாசித்துக் கிதாரோடு கலந்துவிடுகிறார். பதிவில் நாம் கேட்பது இரண்டும் சேர்ந்த ஓசை.

பாட்டின் பின்கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரிலிருந்த கேளிக்கை விடுதி ஒன்றில் இசைத்தட்டு பதிவு செய்யக் குழுவினர் போயிருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அங்கே ஃப்ராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்தபோது பார்வையாளர் ஒருவர் கூரையை நோக்கித் தீச்சுடர்த் துப்பாக்கியால் சுட, கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்த அந்தப் புகைதான் தலைப்பு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவு வண்டியை வைத்துக்கொண்டு அதே ஊரில் வேறு இடங்களில் வேலையை முடித்தார்கள். 1972இல் 'மெஷின் ஹெட்' இசைத்தட்டில் பாட்டு வெளியானது.

ப்ளூஸ் எங்கே முடிகிறது, ராக் எங்கே தொடங்குகிறது?

கோடு கிழித்துக் காட்ட முடியாது. ப்ளூஸின் மிகப் பழக்கமான வடிவம் 12 பார் கொண்டது: ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு அதை முடித்துவைக்கும் மூன்றாம் வரி. ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார் ஒதுக்கப்பட்டிருக்கும். அதில் ஏறக்குறைய பாதியைக் குரல் எடுத்துக்கொள்ளும், மீதி கருவிக்கு. முதல் விடையில் சொன்ன பதில் சொல்லும் இடம் இதுதான்.

மிசிசிப்பியின் பருத்திப் பண்ணையில் வேலை செய்த மட்டி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். மதுக்கூடங்களின் இரைச்சலில் சாதாரண மரக் கிதார் எடுபடவில்லை, மின்கிதாருக்கு மாறினார். அவர் 1954இல் பதிவு செய்த, வில்லி டிக்சன் எழுதிய 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டில் இசை முழுவதும் ஒரு குட்டி ரிஃப்பை அடித்துவிட்டு நின்றுவிடும். அந்த வெற்றிடத்தில் அவர் பாடுவார். அடுத்த ஆண்டு சிகாகோவுக்கு வந்த சக் பெரியைத் தம் இசைத்தட்டு நிறுவனமான செஸ்ஸுக்குப் போகச் சொன்னவரும் மட்டி வாட்டர்ஸ்தான். சக் பெரியின் 'ஜானி பி. கூட்' (1958) அதே 12 பார் வடிவம்தான். வேகமும் கதையும் மாறியிருக்கின்றன, அவ்வளவே. அதன் புகழ்பெற்ற தொடக்க வாசிப்புகூட, லூயி ஜோர்டனின் 1946ஆம் ஆண்டுப் பதிவொன்றில் கார்ல் ஹோகன் வாசித்ததிலிருந்து வந்தது. அந்தப் பழைய பதிவை ஒருமுறை தேடிக் கேட்டுவிட்டால், எல்லை எங்கே என்ற கேள்வியே எழாது.

அந்தக் கரகரப்பு எதற்கு? ஸ்பீக்கர் பழுதானது போலவே இருக்கிறதே?

பழுதுதான், தொடக்கத்தில். 1951இல் மெம்ஃபிஸில் பதிவான 'ராக்கெட் 88' பாட்டில் கிதார் ஒரு மாதிரி இரைகிறது. சேதமடைந்த ஆம்ப்ளிஃபையரோடுதான் அதைப் பதிவு செய்தார்கள். லிங்க் ரே 1958இல் தம் 'ரம்பிள்' பதிவுக்காக ஸ்பீக்கரின் காகிதத்தில் வேண்டுமென்றே துளையிட்டார். ஒரு சொல்கூட இல்லாத அந்த இசைத்துண்டைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன என்பது வேடிக்கை. கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் தம் சிறிய ஆம்ப்பின் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கீறி 'யூ ரியலி காட் மி' ரிஃப்பை வாசித்தார். அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், இந்தக் கரகரப்பைத் தானே உண்டாக்கும், காலால் மிதிக்கும் ஃபஸ் பெட்டியைப் பயன்படுத்தியதோடு, பிளேடுக்கு வேலையில்லாமல் போனது.

இது வெறும் முரட்டுத்தனத்துக்கான ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். ஆம்ப்பின் வால்வுகளால் தாங்க முடியாத அளவுக்கு ஓசையைச் செலுத்தும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. அதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. மூல சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் சேர்ந்து ஓசை தடிக்கிறது. உரத்த பகுதி வெட்டுப்பட்டு, தேயும் பகுதி அதே அளவில் கேட்பதால், தட்டியவுடன் மங்கிவிடும் கிதார் சுரம் பல விநாடிகள் நீடிக்கிறது. மரக் கிதாரால் ஒரு சுரத்தைப் பாடகரைப் போல இழுத்துப் பிடிக்க முடியாது. இழுத்துப் பிடிக்கும் வசதி வந்த பிறகுதான் நீண்ட சோலோ என்ற ஒன்றே சாத்தியமானது.

ராக் ரிஃப்களில் முழு கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரத்தொகுதி) குறைவாகவும் ச, ப ஆகிய இரண்டு சுரங்கள் மட்டும் கொண்ட பவர் கார்ட் மிகுதியாகவும் இருப்பதற்கும் காரணம் இதுதான். கரகரப்போடு காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிப்போகும்.

எல்லா சோலோவும் ஐந்து சுரங்களில்தான் இருக்கின்றன. இது நம் சுத்த தன்யாசிதானே?

சுர வரிசை மட்டும் பார்த்தால் ஆம். கிதார்காரர்கள் மைனர் பென்டடானிக் என்று சொல்லும் வரிசையில் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம் ஆகிய ஐந்தே உள்ளன; சுத்த தன்யாசியிலும் அவையே. மேஜர் பென்டடானிக் அதே கணக்கில் மோகனம் ஆகிவிடும்.

ஆனால் ஒற்றுமை அத்தோடு நின்றுவிடுகிறது. ப்ளூஸ் பாட்டின் அடியில் ஓடும் கார்டில் பெரும்பாலும் அந்தர காந்தாரம் இருக்கும். அதன் மேல் கிதார் சாதாரண காந்தாரத்தை வாசிக்கும். இந்த உரசல் தவறாகக் கருதப்படுவதில்லை, ப்ளூஸின் சுவையே அதில்தான் இருக்கிறது. தேர்ந்த வாசிப்பாளர் அந்தக் காந்தாரத்தை லேசாக இழுத்து இரண்டுக்கும் நடுவே, எந்த ஃப்ரெட்டிலும் (கிதார் கழுத்தின் மெட்டு) இல்லாத ஓரிடத்தில் நிறுத்துவார். மேலும் கார்ட் நகரும்போது அதே சுரத்தின் பொருளும் மாறிவிடும். மாறாத ஆதார ஷட்ஜத்தின் மேல் நிற்கும் ராகத்துக்கு அப்படி ஒரு நிலை வருவதில்லை. சுத்த தன்யாசி தெரிந்தவருக்கு ப்ளூஸ் கேட்பது எளிதாகும், உண்மை. ராகத்தைப் பாடுவதுபோல அதை வாசித்தால் மட்டும் எடுபடாது.

பி.பி. கிங் வாசிப்பதே மிகக் குறைவு. பிறகு ஏன் அவரை அவ்வளவு பெரியவர் என்கிறீர்கள்?

குறைவாக வாசிப்பதால்தான். ராய் ஹாக்கின்ஸ் 1951இல் பாடிய 'த த்ரில் இஸ் கான்' பாட்டை பி.பி. கிங் 1969இல் மறுபடி பதிவு செய்தார். பாட்டு தொடங்கியதும் முதல் 12 பார் கிதார் தனியாகப் பேசுகிறது. பிறகு குரல் வருகிறது. குரல் மூச்சு வாங்கும் இடங்களில் கிதார் மீண்டும் நுழைகிறது. குரலும் கிதாரும் ஒன்றாக ஒலிக்கும் இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாடும்போது வாசிக்காமலும் வாசிக்கும்போது பாடாமலும் இருப்பதை அவர் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். கார்ட் வாசிப்பதில் தமக்குத் திறமை இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னதுண்டு.

அவர் இடது கையைக் காணொளியில் உற்றுப் பாருங்கள். சுரத்தைத் தொட்டதும் கட்டை விரல் கிதாரின் கழுத்தை விட்டு விலகிவிடும். ஒற்றை விரல் மட்டும் தந்தியில் ஊன்றியிருக்க, மற்ற விரல்கள் விரிந்து, மணிக்கட்டிலிருந்து கை முழுவதும் படபடக்கும். உறவினரான புக்கா வைட் உலோகக் குழாயைத் தந்தியில் வழுக்கி எழுப்பும் நடுக்கத்தைத் தம்மால் செய்ய முடியவில்லை, அதை விரலால் கொண்டுவரப் பார்த்ததில் பிறந்ததே இந்த முறை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரே சுரத்தைக் கேட்டு வாசிப்பவர் யார் என்று சொல்லிவிட முடிவது மிகச் சிலர் விஷயத்தில்தான். அந்தப் பட்டியலில் முதல் பெயர் இவருடையது.

ரிஃப்கள் எல்லாமே கிதார்காரரின் விரலில் பிறந்தவைதானா?

இல்லை, இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். க்ரீம் குழுவின் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' (1967) ரிஃப்பை அமைத்தவர் பாஸ் கிதார் வாசித்த ஜாக் புரூஸ். லண்டனில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் அது உருவானது. 'லேலா' (1970) பாட்டின் தொடக்க ரிஃப்போ, ஆல்பர்ட் கிங்கின் மந்தமான ப்ளூஸ் பாட்டு ஒன்றில் அவர் குரலால் பாடிய மெட்டு. அதைக் கிதார்காரர் டுவேன் ஆல்மன் பலமடங்கு வேகப்படுத்திக் கிதாருக்கு மாற்றினார்.

கீத் ரிச்சர்ட்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' (1965) கதை இன்னும் சுவையானது. அந்த ரிஃப்பை அவர் ஊதுகருவிகளுக்காகவே எண்ணியிருந்தார். அவை எப்படி ஒலிக்கும் என்று காட்டத்தான் ஃபஸ் பெட்டியை மிதித்தார். அந்த மாதிரியே அவருடைய எதிர்ப்பையும் மீறி வெளியாகி உலகப் புகழ் பெற்றது. ஓட்டிஸ் ரெட்டிங் பிறகு அதே பாட்டை ஊதுகருவிகளோடு பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ரிச்சர்ட்ஸின் மனத்தில் ஓடியது என்ன என்று விளங்கும். ஃபஸ் வென்றது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சோலோவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார்களா, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்களா?

மூன்று வழிகளும் உண்டு. மூன்றாவது வழி எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் தோன்றியதற்கு 'க்ராஸ்ரோட்ஸ்' நல்ல சான்று. ராபர்ட் ஜான்சன் 1936இல் தனியாக மரக் கிதாரோடு பாடிய பாட்டை க்ரீம் குழு 1968 மார்ச் 10 அன்று சான் ஃப்ரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் வாசித்தது. எரிக் கிளாப்டன் அதில் இரண்டு சோலோ வாசிக்கிறார். மோகனத்தையும் சுத்த தன்யாசியையும் (மேலே ஐந்து சுரக் கேள்வியைப் பார்க்கவும்) மூச்சுக்கு மூச்சு மாற்றி மாற்றி எடுக்கிறார். பல வாக்கெடுப்புகளில் மிகச் சிறந்த நேரடி சோலோ என்று பெயர் பெற்ற இந்தப் பதிவு கிளாப்டனுக்கே பிடிக்காது. மூவரும் தாளத்தில் இடம் மாறிவிட்டதாக அவர் குறைபட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். எண்ணாமல் கேட்பவருக்கு அந்தத் தடுமாற்றமே பதற்றமாக மாறி இனிக்கிறது.

நேர் எதிர்முனையில் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' (1976). டான் ஃபெல்டர் வீட்டில் பதிவு செய்த மாதிரி ஒலிநாடாவிலேயே இறுதிப் பகுதியின் கிதார் வரிகள் இருந்தன. பல மாதங்கள் கழித்து மயாமியில் பதிவு நடந்தபோது அவரும் ஜோ வால்ஷும் புதிதாக ஏதோ வாசிக்கத் தொடங்க, டான் ஹென்லி தடுத்து, ஒலிநாடாவில் உள்ளது அப்படியே வேண்டும் என்றார். ஃபெல்டர் தம் வீட்டு வேலையாளைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிநாடாவை ஓடவிட்டுக் கருவி அருகே பிடிக்கச் சொல்லி, தம் வாசிப்பைத் தாமே கேட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது வழியில் போனவர் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர். 'கம்ஃபர்டப்லி நம்' (1979) பாட்டின் முடிவு சோலோவுக்காக ஐந்தாறு முறை மனம் போனபடி வாசித்துப் பதிவு செய்துகொண்டார். பிறகு உட்கார்ந்து கேட்டு, எந்தப் பதிவில் எந்தப் பார் நன்றாக இருக்கிறது என்று தாளில் குறித்து, அவற்றைக் கோத்து ஒன்றாக்கினார். கோத்த தடம் தெரியவில்லை. தோன்றியதை வாசித்தவரும் அவரே, தேர்ந்தெடுத்தவரும் அவரே. என் பார்வையில், ராக் இசையில் நெடுநேரம் நீளும் சோலோக்களில் இதற்கு இணையில்லை.

சரி, 'ஸ்டெயர்வே டு ஹெவன்' சோலோவா, 'ஹோட்டல் கலிபோர்னியா' சோலோவா? ஒன்றைச் சொல்லுங்கள்.

'ஸ்டெயர்வே'. காரணம் சொல்கிறேன். லெட் ஸெப்பலின் குழுவின் அந்தப் பாட்டு (1971) ஆறு நிமிடம் மெல்ல ஏறிக்கொண்டே வந்து, ஏ மைனர், ஜி, எஃப் என்ற மூன்று கார்ட் மட்டும் சுழலும் இடத்தில் ஜிம்மி பேஜிடம் ஒப்படைக்கப்படுகிறது. முதல் வரியை மட்டும் அவர் முன்கூட்டி யோசித்து வைத்திருந்தார். மீதியை அங்கேயே வாசித்து, பதிவான சில முயற்சிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தார். எஃப் கார்ட் வரும் கணத்தில் ஐந்து சுர வரிசையில் இல்லாத எஃப் சுரத்தைச் சரியாகத் தொட்டு நிற்கிறார் பாருங்கள், அந்த ஒரு சுரத்துக்காகவே நான் அந்தப் பக்கம். அதற்குப் பிறகு பாடகர் உச்ச ஸ்தாயியில் நுழைவது கிதாருக்குச் சொல்லும் பதிலாகவே அமைந்திருக்கிறது.

'ஹோட்டல் கலிபோர்னியா' சோலோ குற்றமற்றது. இரண்டு கிதார்கள் மாறி மாறிப் பேசி, கடைசியில் இணைந்து இறங்கும் அழகு வேறெங்கும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பாட்டு ஓய்ந்துபோகிறது. பேசி முடித்த கிதாருக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வெறும் சத்தம்தானே?

பல்லால் தந்தியைக் கடித்ததையும் 1967இல் மான்ட்டரே மேடையில் கிதாருக்குத் தீ வைத்ததையும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றை விட்டுவிட்டு 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' (1968) கேளுங்கள். பாப் டிலன் முந்தைய ஆண்டு மரக் கிதார், ஹார்மோனிகா, பாஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து எளிமையாகப் பாடியது அது. ஹெண்ட்ரிக்ஸ் அதன் நடுவே வைத்த நீண்ட சோலோ நான்கு பகுதிகளாக நகர்கிறது: முதலில் வழக்கமான தனி வரி, அடுத்து தந்தியில் ஸ்லைடு வழுக்கும் பகுதி, மூன்றாவதாக வா-வா மிதிகட்டையோடு ஏறத்தாழப் பேச்சொலி, கடைசியில் தனிச்சுரங்களை விட்டுவிட்டுத் தாளத்தோடு அடிக்கும் கார்ட். நான்கும் நான்கு ஆள் பேசுவதுபோல ஒலிக்கும். பாட்டே இருவரின் உரையாடல்தான் என்பதை நினைவில் கொண்டால் இந்த ஏற்பாட்டின் நயம் புலப்படும். டிலனே பிற்காலத்தில் மேடைகளில் ஹெண்ட்ரிக்ஸின் வடிவத்தை ஒட்டியே அதைப் பாடினார்.

வெள்ளைக்கார ராக் குழுக்கள் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களிடமிருந்து திருடினார்கள் என்பது உண்மையா?

சில இடங்களில் உண்மை, சில இடங்களில் அநியாயம். லெட் ஸெப்பலின் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' (1969) பாட்டின் சொற்கள், வில்லி டிக்சன் எழுதி மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. முதலில் டிக்சனின் பெயர் எங்கும் இல்லை. அவர் 1985இல் வழக்குத் தொடுத்த பிறகே சமரசம் ஏற்பட்டு அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பாட்டை உலகறியச் செய்த ரிஃப், பேஜ் அமைத்ததுதான். மூலத்தில் அப்படி ஒன்று இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்வதே நேர்மை.

மறுபக்கம், 'க்ராஸ்ரோட்ஸ்' பாட்டில் க்ரீம் குழு ராபர்ட் ஜான்சனின் பெயரைப் போட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அழைக்கப்பட்டபோது ஹவுலின் உல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று கேட்டு, தாங்கள் அவர் காலடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மரபிலிருந்து எடுப்பது ப்ளூஸிலும் காலங்காலமாக உண்டு. சக் பெரியின் தொடக்க வாசிப்பைப் பற்றி மேலே பார்த்தோம். பெயரையும் பணத்தையும் மறைத்ததுதான் குற்றம்.

இந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லையே?

இருக்கிறார்கள், பேசப்படுவதில்லை. மெம்ஃபிஸ் மின்னி 1940களின் தொடக்கத்திலேயே சிகாகோ மதுக்கூடங்களில் மின்கிதார் வாசித்தவர், அதாவது மட்டி வாட்டர்ஸ் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே. லெட் ஸெப்பலின் புகழ்பெறச் செய்த 'வென் த லெவி ப்ரேக்ஸ்' 1929இல் அவரும் அவர் கணவரும் பதிவு செய்த பாட்டு.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் தேவாலயப் பாடகி. 1964இல் மான்செஸ்டரில் பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த காணொளி கிடைக்கிறது. பார்வையாளர்கள் ஒரு நடைமேடையில், அவர் தண்டவாளத்துக்கு மறுபுறம் எதிர் நடைமேடையில், மழையில். நல்ல கோட்டு அணிந்து, வெள்ளைக் கிதாரை மாட்டிக்கொண்டு அவர் எடுக்கும் சோலோ, சக் பெரி எங்கிருந்து வந்தார் என்ற கேள்விக்குப் பாதி விடை. ஸ்லைடு கிதாரில் பானி ரைட் என்னும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் விரல்கள் குட்டை. இந்த ரிஃப்களை வாசிக்க முடியுமா?

முடியும். பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி இடது கைக்காரர். பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தொப்பிகள் செய்து விரலில் மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளுக்கு மாறி, 'பாரனாய்ட்', 'அயர்ன் மேன்' (இரண்டும் 1970) ரிஃப்களை வாசித்தார். அடுத்த ஆண்டு தந்திகளைத் தளர்த்தி ஸ்ருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனத்த ஓசைக்கு அது அடித்தளமானது.

வேகமாக வாசிப்பவர்தானே பெரிய கலைஞர்?

ஆறாவது விடையை மறுபடி படிக்கவும். எடி வான் ஹேலனின் 'இரப்ஷன்' (1978) வேகத்தின் உச்சம், அதில் ஐயமில்லை. இரண்டு கைகளாலும் ஃப்ரெட் பலகையில் தட்டும் முறையை அது உலகெங்கும் பரப்பியது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான அந்தத் துண்டில் அவர் எங்கெங்கே நிறுத்துகிறார் என்று கவனித்தவர்கள் சிலர். வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பலர், அவர்களால் 1980கள் சற்று அலுப்பாகிப்போனது.

அதே கிதாரும் அதே ஆம்ப்பும் வாங்கினால் அதே ஓசை வருமா?

ஓரளவு வரும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவு வராது. பேஜ் என்றால் லெஸ் பால் கிதார் என்று எல்லோரும் சொல்வார்கள். 'ஸ்டெயர்வே' சோலோவை அவர் வாசித்தது ஜெஃப் பெக் பரிசளித்த டெலிகாஸ்டரில். குவீன் குழுவின் பிரையன் மே தம் தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மேற்பலகை மரத்தில் கழுத்து வைத்துச் செய்த கிதாரை, பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். கடையில் எதை வாங்குவீர்கள்?

கருவி முக்கியமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு பதிவு செய்தபோது கிளாப்டன் லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்பில் இணைத்து, பதிவரங்கில் வழக்கமில்லாத உரத்த ஓசையில் வாசித்தே தீருவேன் என்று நின்றார். ஆம்ப் உரக்க ஒலித்தால்தான் மேலே சொன்ன வால்வு வெட்டு நிகழும். வீட்டில் மெல்ல வாசித்துவிட்டு அந்த ஓசை வரவில்லை என்று வருந்துபவர்களுக்குச் சொல்கிறேன்: அக்கம்பக்கத்தாரின் பொறுமை ஒத்துழைக்கும்வரை அது வராது.

சோலோ கற்க வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்குவது?

'த த்ரில் இஸ் கான்' பாட்டின் முதல் 12 பாரை எடுங்கள். கிதாரைத் தொடாமல் முதலில் வாயால் பாடிப் பழகுங்கள், நிறுத்தங்களையும் சேர்த்து. பாட வராத இடம் விரலிலும் வராது.

அது கைவந்ததும் ஆல்பர்ட் கிங். இடது கைக்காரரான அவர் வலது கைக்காரருக்குத் தந்தி கட்டிய கிதாரை அப்படியே திருப்பிப் பிடித்தவர். மெல்லிய தந்தி மேலே இருப்பதால் அதைக் கீழ்நோக்கி இழுப்பார், அதனால் மற்றவர்களால் தள்ள முடியாத தூரம் வரை சுரம் வளையும். அவருடைய 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' (1967) இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, அதே ஆண்டில் வெளியான க்ரீம் குழுவின் 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ' சோலோவைக் கேளுங்கள். கிளாப்டன் யாரிடம் படித்தார் என்பது தெரியும். பிறகு ஸ்டீவி ரே வானின் 'டெக்சஸ் ஃப்ளட்' (1983). அவர் தடித்த தந்திகள் கட்டி, ஸ்ருதியை அரைப்படி இறக்கி வாசித்தவர். அவரைப் பின்பற்றித் தொடக்கத்திலேயே தடித்த தந்தி கட்டினால் விரல் தோல் உரியும். மெல்லிய தந்தியே போதும்.